சுவரில் ஒரு வலது கால்

பொன்னாடையைக் கழற்றிவிடலாமா என்று கிளீட்டஸுக்கு யோசனையாக இருந்தது. சரிகை கழுத்தை அறுக்கிறது. ஆனால் போர்த்தியவன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறான், ஆட்டம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அதற்குள் கழற்றினால் மரியாதையாக இருக்காது. மரியாதை! நினைத்ததும் அவனுக்கே சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருக்கும் இந்த ஜெரால்டை நடுமைதானத்தில் வைத்து ஊர் பார்க்கக் கோவணத்தோடு நிறுத்தப் போகிறவன் பொன்னாடைக்கு மரியாதை பார்க்கிறான். இடைவேளை விசில் ஊதட்டும். கூப்பிடுவார்கள். நமது மண்ணின் தங்கக்கால் என்று மைக் செல்வின் தொண்டை கிழியக் கத்துவான். கிளீட்டஸ் மைதானத்துக்குள் போய் ரெண்டு வார்த்தை பேச வேண்டும், பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ராயப்பன்துறை ஸ்டார்ஸ் கழகத்தை மாநில லீக்குக்குக் கொண்டுபோன அந்தக் கோலை வெள்ளிவிழாவுக்காக இன்னொரு முறை அடித்துக் காட்ட வேண்டும். ஏற்பாடு அப்படி. ரெண்டு வார்த்தை அவனுக்குப் போதும். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இத்தனை காலம் வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பதும் ரெண்டே வார்த்தைதான். நான் அடிக்கவில்லை. அன்றைக்கு நான் அந்த மைதானத்திலேயே இல்லை, என் பெயரில், என் பனியனையும் என் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு வேறொருத்தன் ஆடினான், ஆடவைத்தது இதோ இந்த மனுஷன். சொல்லிவிட்டு மைக்கை ஜெரால்டின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவன் பாடு, அவன் கழகத்தின் பாடு. என் பெயரை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று கிளீட்டஸ் மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

எதிரே கிழக்குச் சுவரில் அவன் நிற்கிறான். இரண்டு ஆள் உயரம், நீலப் பனியன், பதினொன்றாம் நம்பர், காற்றில் தூக்கிய கால், காலுக்கு முன்னால் பந்து, கீழே கொட்டை எழுத்தில் தங்கக்கால் கிளீட்டஸ். தலை அவனுடையதுதான். கல்யாணப் போட்டோவைப் பார்த்துப் பெயின்டர் வரைந்த தலை, அதனால் பந்தை உதைக்கிற வேகத்திலும் படிய வாரி, பவுடர் பூசி, மாப்பிள்ளைச் சிரிப்புச் சிரிக்கிறது. கழுத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் இன்னொருத்தன். அது பேப்பரில் வந்த படத்தைப் பார்த்து வரைந்தது. அந்தப் படத்தில் உதைத்தவனின் முகம் வீசிய கைக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது, ஜெரால்டுக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. ஆனால் தூக்கிய கால் வலது கால். கிளீட்டஸ் பிறவியிலேயே இடங்காலன். வலது காலால் கரையில் கிடக்கும் தேங்காய் மட்டையைக்கூட அவனுக்கு நேராக உதைக்க வராது. சின்ன வயதில் எடங்காலு என்றே கூப்பிடுவார்கள், பெற்ற தாயே அப்படித்தான் சாப்பிடக் கூப்பிட்டாள். ஊரில் தலை நரைத்த அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்துதான் இந்தச் சுவரைக் கடந்து மீன் விற்கவும் பூசை காணவும் போய்வருகிறார்கள். ஏன் ஜெரால்டு, அவன் எடங்காலன் அல்லவா என்று ஒருத்தர் வாய் திறந்ததில்லை. திறக்கமாட்டார்கள். வாயில் சத்தியம் இருக்கிறது. இளசுகளுக்கோ எதுவும் தெரியாது, தங்கக்கால் மாமா வாராரு என்று எழுந்து வழிவிடுகிறார்கள், சில சமயம் காலைத் தொட்டுப் பார்க்கிறார்கள், வலது காலை. அப்போதெல்லாம் அவனுக்கு வருகிற ஆத்திரத்தில் எட்டி உதைக்கலாமா என்று தோன்றும், எந்தக் காலால் உதைப்பது என்ற யோசனையில் அந்த நிமிஷம் கடந்துவிடும்.

பந்து இடதுபக்கக் கோட்டோரம் வந்தது. ஏழாம் நம்பர்க்காரன் அதை வாங்கி உள்ளே திரும்பினான், மணிப்பூர்க்காரன், நல்ல ஆட்டக்காரன், ஆனால் இடதுபக்கம் அவனுக்குப் பழக்கமில்லை, ஓரமாகவே போயிருக்கலாம், போலே, போ, ஓரமாப் போ, என்று கிளீட்டஸின் வாய் முணுமுணுத்தது, செருப்புக்குள் இடது கால் தானாக ஒருமுறை உதறியது. ச்சீ, கெட. இந்தக் கழகம் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பவனின் காலா இப்படி உதறுவது. காலுக்கு ரோஷமில்லை. மேலே ஓலைக் கொட்டகையின் ஒலிபெருக்கிக் குழாயில் செல்வின் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தான். "எளிய மீனவ இளைஞர்களால் தொடங்கப்பட்ட நமது கழகம்!" என்றான். எளிய என்ன எளிய. தோல்பந்து ஏது அப்போது. கிழிந்த வலைத்துண்டுகளைச் சுருட்டி, நடுவில் மிதவைக் கட்டையை வைத்து, மேலே கயிறு சுற்றிக் கட்டிய பந்து. மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும், தலையால் முட்டினவன் அன்றைக்குச் சோறு தின்னமாட்டான். கிளீட்டஸின் அப்பா காலத்தில் எலெக்‌ஷன் முடிந்து கரையில் பறந்துகொண்டிருந்த கட்சிக்கொடிகளை ஒன்றுவிடாமல் அவிழ்த்துவந்து தைத்ததுதான் முதல் அணியின் கால்சட்டை, ஒருகால் ஒரு கட்சி மறுகால் இன்னொரு கட்சி. "பங்கு மக்களின் ஆதரவோடு!" என்றான் செல்வின். ஆதரவா அது. பந்துக்கூடை என்று ஒன்று இருந்தது இந்த ஊரில். சனிக்கிழமை கரையேறுகிற ஒவ்வொரு வள்ளமும் கோயிலுக்கு ஒதுக்குகிற மீனுக்குப் பக்கத்திலேயே பந்துக்கென்று ஒரு கூடை மீன் ஒதுக்கும். பாடு குறைந்து, வலையில் கொஞ்சமே மீன் விழுந்த நாளிலும் ஒதுக்கும். வீட்டில் குழம்புக்கு மீன் இல்லாமல் பருப்பு கடைந்தவள்கூடப் பந்துக்கூடையைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை, எதிர்க்கரைக்காரனிடம் தோற்றுவிட்டு வந்தால் மட்டும் விளக்குமாற்றைக் காட்டுவாள். அந்தக் கூடையில் முளைத்த கழகம் இது. இன்றைக்குக் கம்பிக் கம்பெனிக்காரன் பெயர் பனியனின் நெஞ்சில் இருக்கிறது, கொடியில் இருந்த வஞ்சிர மீனை எடுத்துவிட்டுக் கழுகைப் போட்டிருக்கிறார்கள். கடற்கரையில் கழுகுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, லீக்கில் எல்லாரும் கழுகு, புலி என்றுதான் வைத்திருக்கிறார்கள் என்றான் ஜெரால்டு. கூடை கொடுத்த கிழவிகள் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறார்கள்.

"வெயிலு கூடுதலா இருக்கா மக்கா?" என்றான் ஜெரால்டு. சாய்ந்து, தோளில் கை வைத்து. அவன் கையில் எப்போதும் ஒரே வாசனைதான், அப்போது பீடியும் இப்போது சென்ட்டும் இருந்தாலும் அடியில் அதே வாசனை. "இல்லண்ணே" என்றான் கிளீட்டஸ். அண்ணே! நாக்கு பழக்கதோஷத்தில் சொல்லிவிடுகிறது. "ரெண்டு வார்த்த பேசினாப் போரும் கேட்டியா. நன்றின்னு சொல்லு, எளையவனுவளுக்கு ஏதாவது புத்தி சொல்லு. லீக்குக்காரனுவ எல்லாம் வந்திருக்கானுவ." "ரெண்டே வார்த்ததாண்ணே." "ஆங், அதான்." இதே கைதான் அன்றைக்கும் தோளில் விழுந்தது. மதுரையில் கடைசி ஆட்டம், ஜெயித்தால் மாநில லீக், சம்பளம் வாங்கி ஆடுகிற அணி, ஊரே விடியும் முன்னே எழுந்து பஸ்ஸுக்குத் தேங்காய் உடைத்தது. ஜன்னலோரம் கிளீட்டஸ் உட்கார்ந்துவிட்டான், பூட்ஸின் கயிற்றைக்கூட மதுரை வரைக்கும் பொறுக்காமல் கட்டி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஜங்ஷனில் பஸ் நின்றது. டீ குடிக்க என்று ஜெரால்டு அவனை இறக்கினான். டீயும் வாங்கிக் கொடுத்தான், பாவி, மசால்வடையும் வாங்கிக் கொடுத்தான். கடைக்குப் பின்னால் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான், கிளீட்டஸ் உயரம், கிளீட்டஸ் மாதிரியே தாடி. "ஒரே ஒரு ஆட்டம் மக்கா. புது ஆளச் சேக்க தேதி முடிஞ்சுபோச்சு. இவன் கொல்லத்துக்காரன், குதிர மாதிரி ஆடுவான். ஒனக்க கார்டுல உள்ள போட்டாவப் பாத்தா ஒனக்கே அது நீதானான்னு சந்தேகம் வரும், அந்த லெச்சணத்துல இருக்கு. ஊருக்காவ இறங்கு." ஆட்டக்காரர்களின் அடையாளக் கார்டெல்லாம் செயலாளர் பையில்தான் இருக்கும், ஜெரால்டுதான் அப்போது செயலாளர். கேட்பதற்கு என்ன இருந்தது. பூட்ஸைக் கழற்றச் சொன்னான். அந்தக் கொல்லத்துக்காரன் வெறுங்காலோடு வந்திருந்தான், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பஸ் போயிற்று. கிளீட்டஸ் வெறுங்காலோடு ஜங்ஷனில் நின்றான், கையில் பாதி வடை.

அந்த வடையை என்ன செய்தேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறான். தின்றேனா, எறிந்தேனா. எறிந்திருக்க வேண்டும். தின்றிருந்தால் கேவலம். ஆனால் நாக்கில் அந்தப் பெருஞ்சீரக ருசி இப்போதும் நிற்கிறதே, தின்றுதான் இருக்க வேண்டும். ஊருக்குள் யார் கண்ணிலும் படக்கூடாது, பேப்பர்க்காரன் எவனாவது வந்து வைப்பான் என்று ஜெரால்டின் ஆட்கள் அவனைக் கூட்டிப்போய் வலை வைக்கிற கொட்டகைக்குள் இருத்தினார்கள். பகல் முழுக்க அங்கே. வலைநாற்றம், உப்பு, கூரை ஓட்டையில் இறங்கிய வெயில் தரையில் பைய நகர்ந்து அவன் கால் வரைக்கும் வந்தது. சாயங்காலம் வெடிச்சத்தம். ஆட்கள் கரையில் ஓடுகிறார்கள், பெண்கள் குலவை போடுகிறார்கள், "கிளீட்டஸ் அடிச்சிட்டாம்லே! நம்ம கிளீட்டஸ் கோலடிச்சிட்டான்!" கொட்டகைக்குள் இருந்தபடி தன் பெயரை அவன் கேட்டான். மனுஷனுக்கு வரக்கூடாத ஒரு ஆசை அப்போது வந்தது, வெளியே ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்து தானும் கத்தலாமா என்று. அந்த ஆசைக்காக அவன் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை, ஜெரால்டையும்தான். மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் கொடிமரத்தடியில் ஊர் கூடியது. விஷயம் வெளியே போனால் லீக்கும் போய்விடும், ஊர் மானமும் போய்விடும் என்றான் ஜெரால்டு. ஒவ்வொருத்தராகக் கொடிமரத்தைத் தொட்டார்கள். கோயிலில் இருக்கிற புனிதர் ராயப்பர் சாட்சி. கிளீட்டஸும் தொட்டான். அவன் கையைப் பிடித்துத் தொடவைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வந்தபோது பூட்ஸ் வாசலில் கிடந்தது. எப்போதும் இடது பூட்ஸின் முனைதான் தேயும், அன்றைக்கு வலது பூட்ஸ் முனை வாய் பிளந்து கிடந்தது.

மைதானத்தில் ஏதோ தவறு, விசில், கூட்டம் ஓவென்று கத்தியது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள், அவன் மனைவி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்காமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் செய்யப்போவதை அவளிடம் அவன் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும், சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுக்கும்போதே, "என்னத்தயாவது செய்துட்டு வந்து நிக்காதிங்க, கேட்டியளா" என்றாள். அவளுக்கும் ஒரு கணக்குத் தீராமல் கிடக்கிறது. அன்றைக்குக் கரையில் குலவை போட்டவர்களில் அவளும் ஒருத்தி, நிச்சயம் முடிந்து ஒரு மாசம்கூட ஆகாத பெண். சந்தோஷத்தில் அழுதுகொண்டு வலைக்கொட்டகை வழியாக ஓடியவள், ஓலை இடுக்கில் கைலியோடு குந்தியிருந்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு சண்டையில் கேட்டாள். "கோலடிச்சவனக் கெட்டப்போறேன்னு ஊரெல்லாம் சொன்னேன். கொட்டகைக்குள்ள இருந்தவனயில்லா கெட்டியிருக்கேன்." அதற்கு அவன் கையை ஓங்கினான், அடிக்கவில்லை, அவள் சொன்னதில் பொய்யில்லை. அந்தக் கோலுக்குப் பிறகு மாநில லீக் தொடங்கியது, அணிக்குச் சம்பளம், ஷூ, தனி பஸ். "ஒனக்க மொகத்தப் பாத்தா மதுரைக்காரனுவ கண்டுபிடிச்சிருவானுவ மக்கா. ஒரு வருசம் ஒதுங்கி இரி. பொறவு நான் பாத்துக்கிடுதேன்" என்றான் ஜெரால்டு. ஒரு வருஷம் ஒதுங்கினான். அடுத்த வருஷமும் ஒதுங்கினான். மூன்றாம் வருஷம் காலில் காயம்பட்டு ஓய்வு பெற்றுவிட்டான் என்று பேப்பரில் போட்டார்கள், காயம் பட்டதே அவனுக்குப் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவன் நினைவாகப் பதினொன்றாம் நம்பரை இனி யாரும் அணியமாட்டார்கள் என்று விழா எடுத்து, பனியனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். உயிரோடு இருக்கும்போதே கல்லறை கட்டுவது இந்த ஒரு விளையாட்டில்தான் உண்டு. அதன்பிறகு அவன் ஐஸ் வண்டி ஓட்டினான், இன்றுவரை ஓட்டுகிறான், ஐஸ்கட்டி தூக்கித் தூக்கித் தோள் மரத்துவிட்டது, கால்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன, யாரும் தொடாத புதுச் சாமான் மாதிரி.

கொல்லத்துக்காரனைக் கொல்லவேண்டும் என்றுகூட ஒரு காலத்தில் நினைத்தான். பெயரே தெரியாது, ஊரில் யாருக்கும் தெரியாது, ஒரு நாள் வந்தான், உதைத்தான், ஒரு கூடை மீனோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். விசாரித்து விசாரித்துக் கடைசியில் சசிதரன் என்று தெரிந்து, ஐஸ் லோடோடு போன ஒரு சமயம் தேடிப்போனான், சட்டைக்குள் இரும்புக்கம்பி. தனியார் பஸ்ஸில் கண்டக்டர், முன்மண்டை வழுக்கை, தாடி இல்லை. பஸ் கிளம்ப நேரமிருந்தது. நான்தான் கிளீட்டஸ் என்றதும் அந்த ஆள் முகம் மலர்ந்து கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. "சேட்டா, ஞான் அடிச்ச கோலு. முப்பது கஜம். வலது காலு. மோளு நம்பமாட்டேங்கிறா சேட்டா. பேப்பர் படத்தக் காட்டினேன், இதுல வேற பேரல்லே இருக்குன்னு சிரிக்கிறா. நீங்க ஒருதடவ வந்து அவகிட்ட பறயணும்." அடப்பாவி. கம்பி சட்டைக்குள்ளேயே இருந்தது. இருவரும் டீ குடித்தார்கள், கிளீட்டஸ் வடை வாங்கவில்லை. வருகிறேன் என்றான், போகவில்லை. போயிருந்தால் கொடிமரம் தொட்ட கை என்னாகும். போகாதது மட்டும் என்ன பெரிய புண்ணியம். ஒருத்தனுக்குப் பெயர் போயிற்று, இன்னொருத்தனுக்குக் கோல் போயிற்று, ரெண்டையும் ஒன்றாகத் தைத்து இந்த மனுஷன் சுவரில் ஒட்டிவைத்துத் தலைவராகிவிட்டான். சசிதரனின் அந்த மகளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும் இப்போது. இன்றைக்குச் சொல்லவேண்டும், அவன் பெயரையும் சேர்த்து. அடித்தது சசிதரன். எத்தனை பேர் போனில் படம் எடுக்கிறார்கள், எங்கேயாவது சுற்றி அவள் கையில் போய்ச் சேராதா.

ஆனால் கொடிமரம் இங்கிருந்தே தெரிகிறது, கூரைகளுக்கு மேலே, உச்சியில் ஒரு காக்கை. சத்தியத்தை மீறினால் கடல் விழுங்கும் என்பார்கள், அவனோ கடலுக்குப் போவதில்லை, ஐஸ் வண்டியைக் கடல் எப்படி விழுங்கும். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. ராயப்பரே இயேசுவை மறுதலித்தவர்தானே. அந்த மனுஷனை எனக்குத் தெரியாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, சேவல் கூவியதும் அழுதவர் கையில்தான் பரலோகத்தின் சாவியே இருக்கிறது. நான் ஒரே ஒரு தடவை மறுதலிக்கப் போகிறேன், சுவரில் நிற்கிற அந்த மனுஷனை எனக்குத் தெரியாது என்று. இதற்குப் போய்த் தண்டனையா. தண்டிக்க வேண்டியவன் பக்கத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறான். குடி. நன்றாகக் குடி. இன்னும் கொஞ்ச நேரத்தில் உன் முகத்தை நான் பார்க்கவேண்டும், லீக்குக்காரன் உன் பக்கம் திரும்பி, என்ன சார் இது என்று கேட்கும்போது உன் தொண்டையில் இளநீர் நிற்பதைப் பார்க்கவேண்டும். அப்போது விசில் ஊதியது. இடைவேளை.

"தங்கக்கால்!" என்று செல்வின் கத்தியது கடல்வரைக்கும் போயிருக்கும். சிங்காரி மேளம் அதிர்ந்தது. கிளீட்டஸ் செருப்பை நாற்காலியடியில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கினான். புல் சூடாக இருந்தது. இந்தப் புல்லில் கால் வைத்து எத்தனை காலம், வைத்ததுமே கால்விரல்கள் மண்ணைப் பிடித்தன. சுற்றிலும் போன்கள், முகங்கள், ஜெரால்டும் கூடவே வருகிறான். செல்வின் மைக்கை நீட்டினான். கிளீட்டஸ் வாங்கினான். மேளம் நின்றது. தன் மூச்சு குழாயில் பெரிதாகக் கேட்டது, அதைக் கேட்டுத் தானே பயந்தான். "எல்லாருக்கும் வணக்கம்" என்றான். பிறகு, இத்தனை வருஷம் மென்றதை, ஒருவழியாக, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகத் துப்பினான். "அந்த கோல நான் அடிக்கல." மைதானம் அப்படியே அடங்கியது. ஒரு நொடி. ஜெரால்டின் தொண்டை ஏறி இறங்கியதை அவன் பார்த்தான், அந்த ஒரு நொடி அவனுடையது, அதை யாரும் பிடுங்க முடியாது. எங்கோ ஒருத்தன் கைதட்டினான். பக்கத்தில் இன்னொருத்தன். பிறகு ஒரு பக்கமே, பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது, விசிலடித்தது. செல்வின் மைக்கை அவன் கையிலிருந்து பறித்துவிட்டான், அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "கேட்டீர்களா பெரியோர்களே! இதுவல்லவா தன்னடக்கம்! அந்த கோலை நான் அடிக்கவில்லை என்கிறார்! இந்த ஊர் அடித்தது என்கிறார்! நீங்கள் அடித்தீர்கள் என்கிறார்!" சிங்காரி மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. "சசிதரன்!" என்று கிளீட்டஸ் கத்தினான். "கொல்லத்துக்காரன் சசிதரன்லே அடிச்சது! நான் இல்ல!" அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு லீக்குக்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "கிரேட் சார், கிரேட்" என்றார்.

உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் அதற்கும் பொன்னாடை போர்த்திவிடுகிறார்கள். அவனுக்கு அழுகை முட்டியது, ஆத்திர அழுகை. யாரோ பந்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். தூரம் முப்பது கஜம். கோல்கீப்பர், நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், ஓடிவந்து காதோரம் கேட்டான், "எந்தப் பக்கம் விழணும் அண்ணாச்சி?" சிறப்பு விருந்தினர் உதைக்கும்போது எதிர்ப்பக்கம் விழுந்து கொடுப்பதுதான் வழக்கம், மந்திரி உதைத்தாலும் பேங்க் மேனேஜர் உதைத்தாலும். "ஒனக்குத் தோணுத பக்கம் விழு" என்றான் கிளீட்டஸ். "நெசமாப் பிடி." கீப்பர் சிரித்துக்கொண்டே போனான். பந்துக்குப் பின்னால் கோலுக்கும் அந்தப்பக்கம் சுவர், சுவரில் வலது கால். வாய் பொய்யாகிவிட்டது, சரி. கால் இருக்கிறதல்லவா. கால் பேசினால் செல்வினால் பிடுங்க முடியாது. பந்துக்கு வலப்புறமாகப் போய் நின்றான், இடங்காலன் நிற்கிற இடத்தில். பழைய ஆட்கள் நான்கைந்து பேர் கைதட்டுவதை நிறுத்துவது தெரிந்தது. ரோஸ்லின் எழுந்து நின்றாள். நான்கு எட்டு ஓடினான், ஐஸ் தூக்கின உடம்பு ஓடியது என்று சொல்ல முடியாது, ஆனால் கடைசி எட்டில் கால் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது. இடது காலின் மேற்புறம் பந்தில் பட்டபோது கேட்ட சத்தத்தை அவன் மறந்தே போயிருந்தான். கீப்பர் நிஜமாகவே பாய்ந்தான், சரியான பக்கம்தான் பாய்ந்தான், விரல் எட்டவில்லை. வலது மூலையில் மேல்வலை பொங்கிற்று. மைதானம் எழுந்து கத்தியது. அவனும் கத்தினான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, தன் பெயர் கேட்டுக் கத்தினான். தங்கக்கால் என்ற பெயருக்குக் கிளீட்டஸே அடித்த முதல் கோல் அது.

ஜெரால்டு வந்து கட்டிப்பிடித்தான். போட்டோக்காரர்கள் சூழ்ந்தார்கள். சிரித்த முகத்தை மாற்றாமல் காதுக்குள் சொன்னான், "எடங்கால்ல அடிச்சிட்டியே மக்கா." கிளீட்டஸ் தூக்கிய கைகளை இறக்கினான். "ஒண்ணும் வெப்ராளப்படாத. நாளைக்கே பெயின்டர வரச்சொல்லி சொவத்துல கால மாத்திருவோம். எடங்காலாப் போட்டுருவோம். ஒனக்கும் சந்தோசம், ஊருக்கும் சந்தோசம்." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். ஒரு டப்பா பெயின்ட். அதன்பிறகு கழுத்துக்குக் கீழேயும் கிளீட்டஸ்தான், கால் முதல் தலைவரை, அந்தக் கோல் முழுசாக அவனுடையது, சசிதரன் என்று ஒருத்தன் பிறக்கவே இல்லை. ஆசை வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். வலைக்கொட்டகைக்குள் வந்த அதே ஆசை, அதே பெருஞ்சீரக ருசி நாக்கில். அந்த ருசிதான் அவனை உலுக்கியது. வடையைத் தின்றுதான் இருக்கிறேன், இப்போது தெரிந்துவிட்டது. இன்னொரு வடை வேண்டாம். "வேண்டாண்ணே" என்றான், அவனும் சிரித்தபடியே, போட்டோவுக்கு. "சொவத்துல வலது காலே இருக்கட்டும். இப்பம் எடங்கால்ல அடிச்சத எல்லாரும் போன்ல எடுத்து வச்சிருக்கானுவ. ரெண்டும் இருக்கட்டும். என்னைக்காவது ஒருத்தன் ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாம்லா." தோளில் இருந்த கை மெல்லத் தளர்ந்தது. "நீ என்னலே சொல்லுத?" "ஒண்ணுமில்லண்ணே. கால மட்டும் தொடாத. அது எனக்கக் காலு இல்ல, அவனுக்கக் காலு." ஜெரால்டின் சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றது, கண் மட்டும் சுவர்ப்பக்கம் போய்விட்டு வந்தது. இளநீர் குடித்த தொண்டை இரண்டாம் முறை ஏறி இறங்கிற்று. இதற்காகத்தான் வந்தேன் என்று கிளீட்டஸ் நினைத்துக்கொண்டான், இவ்வளவு போதாது, ஆனால் இது போதும்.

இரண்டாம் பாதிக்கு விசில் ஊதியபோது மேடையில் அவன் நாற்காலி காலியாக இருந்தது. பொன்னாடையை மடித்து அதன்மேல் வைத்துவிட்டு, மைதானத்தை ஓரமாகச் சுற்றிக் கிழக்குச் சுவருக்குப் போய், வரைந்த காலுக்கு அடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். சுவர் வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது, இடுப்புக்கு இதமாகவும் இருந்தது. மேடையில் ஜெரால்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்ப்பது தெரிந்தது. கூப்பிடட்டும். பெயின்டரையும் கூப்பிடட்டும், ஏணியையும் கொண்டுவரட்டும். கொஞ்ச நேரத்தில் ரோஸ்லின் அவனுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் காலருகில் வைத்தாள். இடது கால் பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கசிந்திருந்தது, அதைக் குனிந்து பார்த்தாள், முந்தானை நுனியால் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து சுவரில் இருந்த காலைப் பார்த்தாள், சுவரில் வரைந்த நாளிலிருந்து அந்தக் காலை அவள் நேராகப் பார்த்து அவன் கண்டதில்லை.

"வீட்டுக்கு வரலியா?" என்றாள்.

"பெயின்டர் வருவான்."

அவள் மேடைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முக்காட்டை இறக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்பம் சோத்த இங்க கொண்டுவாறேன்" என்றாள். "எனக்கும் சேத்து."